கொடுத்தவர் பெயரை யார் எழுதுவது?

நன்றியுணர்வு நம் உறவுகளுக்கும் மனநலத்துக்கும் என்ன செய்கிறது என்ற பொருளில் பேசும்படி அறக்கட்டளையார் பணித்திருக்கிறார்கள். பொருள் மிகப் பழையது. அதைப் பேசும் முறைதான் இப்போது மாறியிருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் நன்றியை அளக்கிறார்கள். கைப்பேசிச் செயலிகள் நாள்தோறும் அதை நினைவூட்டுகின்றன. அந்த ஆய்வுகளுக்குப் பிறகு வருகிறேன். இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் தம் மகனுக்கு வைத்த பெயரை முதலில் பார்ப்போம். ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை தம் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். அது வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் பெயர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் வ.உ.சி. 1908 மார்ச் 12-இல் அவரைக் கைது செய்தார்கள். நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் வாடிவிட்டு 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வழக்கறிஞர் சன்னதும் இல்லை. வருமானத்துக்கு வழியின்றிச் சென்னையிலும் கோவையிலும் பல ஆண்டுகள் தவித்தார். பறிபோன சன்னதை அவருக்கு மீட்டுத் தந்தவர் இ.எச்.வாலஸ். அந்த உதவியை வ.உ.சி. தம் பிள்ளையின் பெயராகவே ஆக்கிவிட்டார்.

இதற்கு முன்பே இன்னொருவர் இதே வழியில் நடந்திருக்கிறார். இந்த மாவட்டத்துப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கும் பெயருக்குரிய பெ.சுந்தரம் பிள்ளை, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் சில காலம் பணியாற்றிவிட்டுத் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக வாழ்ந்தவர். தமக்குத் தத்துவம் கற்பித்த ஹார்வி என்ற ஆங்கிலேயப் பேராசிரியருக்கு, 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தை உரிமையாக்கினார். தாம் குடியிருந்த மனைக்கும் ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். இருவரும் தமிழை உயிராகக் கொண்டவர்கள். பிறரை மகிழ்விக்கப் பெயர் சூட்டும் இயல்பு இருவரிடமும் இல்லை. வாலஸ் துரைக்குப் பணிந்து பெயர் வைத்தார் என்று வ.உ.சி.யைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது. பணிய விரும்பியிருந்தால் 1908-லேயே பணிந்திருக்கலாம், சிறையில் செக்கிழுக்க நேர்ந்திருக்காது. ஆட்சியை எதிர்ப்பது வேறு, அந்த ஆட்சிக்குள் இருந்துகொண்டு தமக்கு நியாயம் செய்த ஒரு மனிதரை நினைப்பது வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். என் வாதம் முழுவதும் இந்தப் பிரித்துப் பார்த்தலில்தான் நிற்கிறது. நன்றியில் உறவை வளர்ப்பதும் உண்டு, உறவைக் கெடுப்பதும் உண்டு. கொடுத்தவரை ஒரு தனி மனிதராகக் கண்டு, அவர் செய்ததைப் பிறர் அறியச் சொல்லும் நன்றி உறவை வளர்க்கிறது. உரிமையாக வர வேண்டியதைக் கொடையாகக் காட்டி, அதற்காகத் தலைகுனியச் சொல்லும் நன்றி உறவைக் கெடுக்கிறது.

நன்றியை மனநலப் பயிற்சியாகச் சொல்லும் புத்தகங்கள் இன்றைக்குப் புத்தகக் காட்சிகளில் குவிந்து கிடக்கின்றன. இவற்றை மேனாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவோர் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள். அந்த வகை நூல்களின் முன்னோடிகளில் ஒருவரான ஜேம்ஸ் ஆலனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரே வ.உ.சி.தான். 'மனம்போல வாழ்வு' அவர் சிறையில் இருந்த காலத்துப் பணி. 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' ஆகியவை பின்னர் வந்தன. மனத்தைச் செம்மை செய்தால் வாழ்வு செம்மையாகும் என்ற கொள்கையில் அவருக்கு உண்மையான பிடிப்பு இருந்தது. ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையில் அறத்துப்பாலை 1917-இல் பதிப்பித்தார். பின்னாளில் அறத்துப்பாலுக்குத் தாமே உரை எழுதினார். ஆலன் மனிதனைத் தன் உள்ளத்தைப் பார்க்கச் சொல்கிறார். வள்ளுவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்கிறார். இரண்டையும் ஒருசேரப் படித்தவர், நன்றியை உள்ளத்துக்குள் பூட்டிவைக்காமல் பிள்ளையின் பெயராக வெளியே கொண்டுவந்தார்.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். 2003-இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் வெளியிட்ட ஆய்வைத்தான் இந்தத் துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒரு முறை, தாம் நன்றி பாராட்டக்கூடியவற்றை ஐந்து வரை எழுதினார்கள். மற்றொரு பிரிவினர் தொல்லைகளை எழுதினார்கள். மூன்றாவது பிரிவினர் வெறும் நிகழ்ச்சிகளை எழுதினார்கள். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்வைக் கூடுதல் நிறைவோடும் வரும் வாரத்தைக் கூடுதல் நம்பிக்கையோடும் மதிப்பிட்டார்கள். முடிவு உண்மைதான். ஆனால் தொல்லைகளை எழுதியவர்களோடு ஒப்பிடும்போது பெரிதாகத் தெரியும் வேறுபாடு, நிகழ்ச்சிகளை எழுதியவர்களோடு ஒப்பிடும்போது சுருங்கிவிடுகிறது. 27 ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் கிரெக், சீவன்ஸ் என்ற இருவர் செய்த மதிப்பீடும், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இத்தகைய பயிற்சிகள் தரும் பலன் சிறிது என்றே சொல்கிறது. மருத்துவரிடம் போக வேண்டிய ஒருவரிடம் நன்றிக் குறிப்பேடு எழுதச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. இதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நன்றியைப் போற்றிப் பேசுகிறவர்களே இதைச் சொல்லத் தயங்குகிறார்கள்.

ஆனால் பட்டியல் எழுதுவது மட்டுமே நன்றி ஆகாது. முகத்துக்கு நேராகச் சொல்லும் நன்றியை ஆய்வுகள் தொடும்போது படம் மாறுகிறது. 2005-இல் மார்ட்டின் செலிக்மனின் குழுவினர் சோதித்த பயிற்சிகளில் ஒன்று, இதுவரை சரியாக நன்றி சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. சோதித்தவற்றில் உடனடி மகிழ்ச்சியை மிகுதியாகத் தந்தது அதுதான். ஒரு மாதம் வரை அதன் தடம் இருந்தது; மூன்று மாதத்தில் மறைந்தது. சாரா ஆல்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் இணையர்களைப் பேச வைத்துப் பதிவுசெய்து பார்த்தார்கள். நன்றி சொல்லும்போது சிலர் தமக்குக் கிடைத்த பயனை விவரித்தார்கள். சிலர் செய்தவரின் குணத்தையும் முயற்சியையும் எடுத்துச் சொன்னார்கள். கேட்டவரின் மனத்தைத் தொட்டது இந்த இரண்டாவது வகைதான். 'எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று' என்பதை விட 'உனக்கு இருந்த வேலைக்கு நடுவிலே இதை நினைத்துச் செய்தாயே' என்பது உறவைக் கட்டுகிறது. முதல் வாக்கியத்தில் கொடுத்தவர் ஒரு கருவி, இரண்டாவதில் ஆள். அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு தயக்கத்துக்கு விடை தருகிறது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவர் கூச்சப்படுவார் என்று மிகையாகக் கணித்தார்கள். அவர் அடையப்போகும் மகிழ்ச்சியையோ குறைவாகக் கணித்தார்கள். நாம் சொல்லாமல் விட்ட நன்றிகளில் பாதி இந்தத் தவறான கணிப்பால்தான் நின்றுபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

கொடுத்தவரை ஆளாகக் காண்பதற்கும் காணாததற்கும் உள்ள வேறுபாட்டைத் தாமிரபரணிக் கரையில் கண்ணாலேயே பார்க்கலாம். நம் கோயில்களில் மின்விசிறி இறக்கையிலும் குழல்விளக்கிலும் கொடுத்தவர் பெயர் 'உபயம்' என்ற சொல்லோடு எழுதப்பட்டிருக்கும். கொடை உண்மையானது, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அங்கே பெயரை எழுதச் சொன்னவர் கொடுத்தவரே. கன்னடியன் கால்வாயை இதோடு வைத்துப் பாருங்கள். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒரு பிரம்மசாரி, தமக்குக் கிடைத்த பெரும் பொருளைத் தம்முடையதாக வைத்துக்கொள்ளாமல் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டச் செலவிட்டார் என்பது ஊர்க்கதை. அதை வரலாறு என்று நிறுவ நான் முயலவில்லை. கதை எப்படியிருந்தாலும், அணைக்கும் வாய்க்காலுக்கும் கன்னடியன் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. சேரன்மகாதேவியில் அந்தக் கால்வாய்க் கரையிலேயே மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். தண்ணீர் வரத்துக் குறைந்த காலத்தில் மிளகை அரைத்து அவர்மீது பூசி வழிபடும் வழக்கமும் அந்தக் கதையோடு சேர்ந்தது. இங்கே பெயரை வைத்துக் காத்தவர்கள் வாங்கிக்கொண்டவர்கள். வெளியூர்க்காரர், வேற்று மொழிக்காரர், திரும்ப எதையும் கேட்காதவர்; அவரை அந்த வாய்க்காலில் பாய்ச்சல் பெறும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்கியவர் எழுதும் பெயருக்கு இருக்கும் வலு, கொடுத்தவர் எழுதும் பெயருக்கு வராது. அதே ஆற்றின் மேல்கரையில், பாபநாசத்தில், நீராடிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப்போகும் வழக்கத்தையும் பார்க்கிறோம். நதியிடம் நம் பாவம் தீர்ந்ததை நினைக்கிறோம். நதிக்கு அதனால் என்ன ஆகிறது என்று நினைப்பதில்லை. ஆல்கோவின் ஆய்வில் கேட்டவரின் மனத்தைத் தொடாத அந்த முதல் வகை நன்றி இதுதான்.

இப்போது நன்றியைப் பற்றிய மிகக் கடினமான மறுப்புக்கு வருகிறேன். நன்றி என்ற பெயரால் இந்த மண்ணில் எத்தனையோ பேரை அடிமையாக்கி வைத்திருந்தார்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழியைப் பண்ணையாளிடம் சொன்னவர் பெரும்பாலும் பண்ணையார்தான். உழைத்து விளைவித்தவருக்கு அவர் விளைவித்த நெல்லிலேயே கொஞ்சம் அளந்து போட்டுவிட்டு, அதற்கு விசுவாசம் கேட்ட முறை அது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கோரிக்கைகள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. கூலி கேட்டு வந்தவர்களிடம், தோட்டம் உங்களுக்கு வாழ்வு தந்ததே என்று யாராவது நன்றியை நினைவூட்டியிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை! கூலி கொடையல்ல. உரிமையைக் கொடையாக மாற்றிப் பேசும் எந்த நன்றியையும் நாம் மறுக்கத்தான் வேண்டும். இந்த மறுப்பை முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து நன்றியே அடிமைக் குணம் என்ற முடிவு வராது. எது கடன், எது கொடை என்று தெளிவாகப் பிரிக்கத் தெரிந்தவரே விடுதலையோடு நன்றி சொல்ல முடியும் என்பதுதான் வரும்.

வ.உ.சி.க்கு அந்தத் தெளிவு இருந்ததற்கு ஆவணமே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்தியர்கள் அவருக்காகக் கொடுத்த பணம் காந்தியிடம் தங்கியிருந்தது. வறுமையில் இருந்த வ.உ.சி. 1915-இல் அதைக் கேட்டுக் காந்திக்கு எழுதினார். கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. ஒருவழியாக 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஒரு நூல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கடிதப் போக்குவரத்தில் பெரிதாகத் தெரிவது வ.உ.சி.யின் நிமிர்வு. அது தம் பெயரால் கொடுக்கப்பட்ட பணம், ஆகவே கேட்டார். மரியாதையோடு கேட்டார், மறுபடியும் கேட்டார். தமக்கு உரியதை வேண்டாம் என்று சொல்லிப் பெருந்தன்மை காட்டவில்லை. 1920-இல் ஒத்துழையாமைத் திட்டத்தில் தமக்கு உடன்பாடில்லை என்று பட்டதும் காங்கிரசிலிருந்து விலகிக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. தமக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்கிய அதே மனிதர்தான், வாலஸின் உதவிக்குப் பிள்ளையின் பெயரைக் கொடுத்தார். கேட்கக் கூசாதவர் நன்றி சொல்லவும் கூசவில்லை.

இதே எல்லையைத் திருக்குறளின் அதிகார வைப்பிலும் பார்க்கலாம். செய்ந்நன்றி அறிதலுக்கு முன்னே இனியவை கூறலும் பின்னே நடுவுநிலைமையும் நிற்கின்றன. பரிமேலழகர் இந்த வைப்புக்குக் காரணம் சொல்கிறார். உதவி செய்தவரிடத்தில் அந்த உதவியை நினைக்கும்போது நடுவுநிலைமை தளர்ந்துவிடக்கூடும். அங்கேயும் அது தளரக்கூடாது என்பதற்காகவே அடுத்து வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. நன்றி நீதியின் கையைப் பிடித்து இழுக்கக்கூடியது என்பதை அவர் அறிந்திருக்கிறார். வேலை வாங்கித் தந்தவருக்காகத் தேர்வு மதிப்பெண்ணைத் திருத்துவதும், தேர்தலுக்கு முன் பணம் தந்தவருக்காக வாக்கைத் திருப்புவதும் நன்றி ஆகா. அந்த இடங்களில் நாம் கொடுப்பது நம்முடைய பொருளே அல்ல, மூன்றாவது ஒருவருடையது. வ.உ.சி. வாலஸுக்குக் கொடுத்த பெயரோ முற்றிலும் அவருடையது. நன்றிக்கடன் தீர்க்கத் தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், நன்றியின் பெயரால் நடக்கும் ஊழலில் பெரும்பகுதி அடையாளம் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வருவோம். 'நமக்குள்ளே என்ன நன்றி' என்று சொல்லித்தான் நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். தாயிடமோ அண்ணனிடமோ நன்றி என்று சொன்னால், அந்நியரிடம் பேசுவது போல ஆகிவிடும் என்ற உணர்வு நமக்கு உண்டு. இது நம் குறையும் அல்ல, நம் தனிச்சிறப்பும் அல்ல. எட்டு மொழிகளில் அன்றாட உரையாடல்களைப் பதிவுசெய்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நெருங்கியவர்களிடையே சின்ன உதவிகளுக்கு வாய்ச்சொல்லாக நன்றி சொல்வது ஏறத்தாழ இருபதுக்கு ஒரு முறைதான் நிகழ்ந்தது. அந்த எட்டில் ஆங்கிலமும் ஒன்று. உதவிக்கு உதவி என்ற எதிர்பார்ப்பு இருக்கும் இடத்தில் சொல் தேவைப்படுவதில்லை. ஆகவே வீட்டில் ஒவ்வொரு காபித் தம்ளருக்கும் நன்றி சொல்லுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் சொல் வேண்டாம் என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: உதவி இரு பக்கமும் போய்வர வேண்டும். ஒரே ஆள் அதிகாலையில் எழுந்து சமைத்து, மாமனாருக்கு மருந்து எடுத்து வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவரும் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி அடுக்களைக்குள் நுழைகிறார் என்றால், அங்கே 'நமக்குள்ளே என்ன' என்ற சொல் அன்பைக் காட்டவில்லை, கணக்கை மறைக்கிறது. ஆர்லி ஹாக்ஷில்ட் 1989-இல் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். கணவன் கொஞ்சம் பாத்திரம் கழுவினால் அது கொடை, மனைவி எல்லாவற்றையும் செய்தால் அது கடமை என்று இருவரும் நம்பும் வீட்டில் நன்றி ஒரே திசையில் ஓடுகிறது. அம்பாசமுத்திரத்திலும் பாளையங்கோட்டையிலும் இது வேறாக இருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே வேண்டியது முதலில் வேலைப் பங்கீடு. அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொள்ளாமல், மேடையில் 'எல்லாம் என் மனைவியால்தான்' என்று சொல்வது, கூலி பாக்கி வைத்துவிட்டுப் பொன்னாடை போர்த்துவது போன்றது.

மேலே சொன்ன உளவியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரிகளைச் சுற்றி நடந்தவை. கடிதம் எழுதுவதும் பட்டியல் எழுதுவதும் அவர்களுக்கு இயல்பான வடிவங்கள். பிள்ளைக்கும் வீட்டுக்கும் பெயர் வைப்பது நம் வடிவங்களில் ஒன்று. தம்மைப் படிக்க வைத்த ஆசிரியரின் பெயரை, பிரசவம் பார்த்த மருத்துவரின் பெயரை, ஊருக்குப் பள்ளி கட்டித் தந்த பாதிரியாரின் பெயரைத் தாங்கிய மனிதர்களும் வீடுகளும் இந்த மாவட்டத்துத் தெருக்களில் உண்டு. இந்த அறக்கட்டளை வருங்காலத்தில் ஒரு சிறு ஆய்வுக்குப் பொருளுதவி செய்ய முன்வருமானால், முதுகலை மாணவர்கள் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஊர் ஊராகச் சென்று, வாங்கியவர்களே வைத்த பெயர்களைத் தொகுக்கலாம். பெயர் வைத்தவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. அந்த உதவி அவருக்கு உரிமையாக வர வேண்டியதா, வராமலும் போயிருக்கக்கூடியதா? அதைச் செய்தவருக்கு என்ன செலவாயிற்று என்பது அவருக்குத் தெரியுமா? உதவி செய்தவரும் உயிரோடு இருந்தால் அவரைத் தனியே சந்தித்து, தம் பெயர் இன்னொரு வீட்டில் வழங்குவது அவருக்குத் தெரியுமா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தெரியாது என்று அவர் சொன்னால், அந்த வீட்டாரின் ஒப்புதலோடு மாணவர்களே அதை அவருக்குத் தெரிவித்துவிட்டு வரட்டும்.